நார்மல் என்று எழுதியிருந்த காதுகள்

என் மனைவியும் மகளும் சேர்ந்து என்னிடம் எதையோ மறைக்கிறார்கள் என்று நான் முடிவு செய்தது போன வருஷம், மழைக்காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் பூசை முடிந்து வந்து, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஹாலில் உட்கார்ந்திருந்தேன். சமையலறையில் கோழி வெந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் உள்ளே பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு வருகிறது, ஆனால் ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. நடுவில் மகள் சிரித்தாள். நான் எழுந்து போய் சமையலறை வாசலில் நின்றதும் பேச்சு நின்றுவிட்டது.

“இன்னா ரகசியம்?” என்றேன்.

“ரகசியமா? நாங்க பேசினது எதிர் வூட்டுக்கே கேட்டிருக்கும்” என்றாள் மனைவி.

மாட்டிக்கொண்டவர்கள் இப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் லேசில் யாரையும் நம்புகிற ஆள் இல்லை. அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டு திரிவேன். வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து குடித்தால் எல்லா நோயும் போய்விடும் என்று வாட்ஸ்அப்பில் வந்தால், அனுப்பியவனுக்கு எலுமிச்சை மண்டி ஏதாவது இருக்கிறதா என்று விசாரிப்பேன். பிரஷர் பார்க்க வரும் நர்ஸிடம், இந்த மிஷினைக் கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள் என்று கேட்டுத் திட்டு வாங்கியிருக்கிறேன். ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில், பிரஸ் ஷாப்பில், பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். தகட்டை உள்ளே வைத்தால் பிரஸ் மேலிருந்து இறங்கி ஒரே அடியில் கதவாகவோ கூரையாகவோ வளைத்துக் கொடுக்கும். எதையும் அளக்காமல் நம்பாதே, அளக்கிற கருவியையும் அளந்து பார் என்றுதான் அங்கே பழக்கியிருக்கிறார்கள்.

கம்பெனியில் இன்னொரு முறையும் உண்டு. ஒரு பாகம் பழுதாக வந்தால் ‘ஏன்’ என்று ஐந்து தடவை கேட்க வேண்டும். ஏன் கிழிந்தது? தகடு நழுவவில்லை. ஏன் நழுவவில்லை? எண்ணெய் போதவில்லை. ஏன் போதவில்லை? இப்படியே போனால் ஐந்தாவது ஏனில் உண்மையான காரணம் உட்கார்ந்திருக்கும் என்பார்கள். அதை எழுதுவதற்கென்றே லைன் பக்கத்தில் ஒரு பலகை இருக்கிறது. அந்தப் பழக்கத்தை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஏன் மெதுவாகப் பேசுகிறார்கள்? எனக்குக் கேட்கக்கூடாது. ஏன் கேட்கக்கூடாது? நான் கோபப்படுகிற சங்கதி. ஏன் கோபப்படுவேன்? மகள் சம்பந்தப்பட்டது. மகளுக்கு ஏன் ரகசியம்? பிளஸ் டூ படிக்கிற பெண்ணுக்கு வேறென்ன ரகசியம் இருந்துவிடப் போகிறது? ஐந்தாவது ஏன் வருவதற்கு முன்பே ஒரு பையன் வந்து நின்றுவிட்டான். பெயர் தெரியாது, முகம் தெரியாது. ஆனால் அவன் இருக்கிறான் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதற்கப்புறம் சாட்சிகள் தாமாக வந்து குவிந்தன. நான் டிவியில் செய்தி பார்த்தால் மகள் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைப்பாள். செய்தியில் என்ன இருக்கிறது, எதற்கு நான் கேட்கக்கூடாது என்று யோசிப்பேன். போன் வந்தால் அவள் மாடிப்படிக்குப் போய்விடுவாள். என் மச்சான் வந்தால் அக்காவும் தம்பியும் குழாயடியில் நின்று பேசுவார்கள், நான் போனதும் மழையைப் பற்றிப் பேசுவார்கள். வீட்டில் மட்டும் இல்லை. கோவிலில் புது மைக் செட் வைத்ததிலிருந்து சாமியாரின் பிரசங்கம் ஒரே கொழகொழவென்று வந்தது. மட்டமான செட்டை வாங்கி எவனோ கமிஷன் அடித்திருக்கிறான் என்று கோவிலின் பங்குப் பேரவைக் கூட்டத்தில் கேட்டேன். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதிலும் எனக்கு ஒரு சந்தேகம்.

மச்சான்தான் முதலில் வாயைத் திறந்தான். “மாமா, ஒருவாட்டி காத டெஸ்ட் பண்ணிப் பாரு” என்றான்.

நான் பீரோவைத் திறந்து, கம்பெனி மெடிக்கல் ரிப்போர்ட்டை எடுத்து அவன் முன்னால் போட்டேன். மூன்று வருஷத்து ரிப்போர்ட். மூன்றிலும் இரண்டு காதும் நார்மல். அவன் புரட்டிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

அந்த ரிப்போர்ட் எப்படி வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை கம்பெனிக்குள் ஒரு வேன் வந்து நிற்கும். ரத்தம், சிறுநீர், கண் எல்லாம் எல்லோருக்கும் பார்ப்பார்கள். பிரஸ் ஷாப் ஆட்களுக்குக் காதும் பார்ப்பார்கள். வேனுக்குள் ஒரு சின்ன அறை, அதில் ஒரு கண்ணாடி ஜன்னல். ஹெட்போன் மாட்டி உள்ளே உட்கார வைத்து, கையில் ஒரு பட்டனைக் கொடுப்பார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். டெக்னீஷியன் வெளியே உட்கார்ந்து ஒவ்வொரு சத்தமாக அனுப்புவார். அவர் விரல் நமக்குத் தெரியாது, மிஷின் மறைத்துக்கொள்ளும். ஆனால் அனுப்புகிற ஒவ்வொரு தடவையும் அவருடைய முழங்கை லேசாக எழும்பும். முழங்கை எழும்பினால் பட்டனை அழுத்து. இது எங்கள் லைனில் எல்லோருக்கும் தெரிந்த வித்தை. வேன் வருகிற அன்று காலை டீக்கு நிற்கும்போது ஒருவரையொருவர் பார்த்து முழங்கையைத் தட்டிக்காட்டிச் சிரித்துக்கொள்வோம்.

இயர் பிளக் தராமல் இல்லை. தருகிறார்கள். ஆனால் பிரஸ் இறங்குகிற சத்தத்திலேயே தகடு ஒழுங்காக உட்கார்ந்ததா, கோணலாகப் போனதா என்று தெரிந்துவிடும். அந்தச் சத்தத்தைப் பிடிக்கிறவன்தான் நல்ல ஆபரேட்டர் என்று எங்களுக்குள் ஒரு கெத்து. அதனால் ஒரு காதில் பிளக்கைச் சொருகிவிட்டு இன்னொரு காதைத் திறந்து வைத்திருப்போம். சூப்பர்வைசர் வந்தால் இரண்டையும் சொருகிக்கொள்வோம். காது கேட்காதவனைப் பிரஸ்ஸில் விடமாட்டார்கள், பேக்கிங்குக்கு மாற்றிவிடுவார்கள். அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஆட்களைக் குறைக்க நினைத்தால் முதலில் பேக்கிங்கில்தான் கை வைப்பார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அப்படி யாரையாவது அனுப்பியிருக்கிறார்களா என்று ஒருவனும் விசாரித்ததில்லை. ஊரில் உள்ள அத்தனையையும் சந்தேகப்பட்ட நான் இதை மட்டும் ஒரு கேள்வி கேட்காமல் நம்பினேன்.

இதைவிட வெட்கக்கேடு இன்னொன்று. முழங்கையைப் பார்த்து வாங்கிய அந்த ரிப்போர்ட்டை நான் நிஜமாகவே நம்பினேன். முதல் வருஷம் சும்மா ஒரு பாதுகாப்புக்காகத்தான் முழங்கையைப் பார்த்தேன், பெரும்பாலும் கேட்டது. அடுத்த வருஷம் எது கேட்டு அழுத்தியது, எது பார்த்து அழுத்தியது என்று எனக்கே தெரியவில்லை. மூன்றாவது வருஷம் எல்லாமே கேட்டது மாதிரிதான் இருந்தது. கண்ணால் பார்த்ததை மூளை காதால் கேட்டதாகக் கணக்கு எழுதிக்கொள்கிறது. பொய் சொல்வதற்கு நம் உடம்புக்கு நம்முடைய அனுமதி தேவையில்லை போலிருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு முன்பு மகளின் டியூஷனை நிறுத்தினேன். ஸ்ரீபெரும்புதூரில் பிசிக்ஸ் டியூஷன், பள்ளிக்கூடம் விட்டதும் போய்விட்டு பஸ்ஸில் மண்ணூர் வந்து சேருவாள். பிசிக்ஸ் மட்டும்தான் அவளுக்குத் தகராறு. அதில் மார்க் வந்தால் அரசுக் கல்லூரியில் நர்சிங் கிடைக்கும் என்று சின்ன வயதிலிருந்தே ஒரே பிடியாக இருந்தவள். டியூஷனில் என்ன நடக்கிறது என்று எனக்கா தெரியாது என்று சொல்லி நிறுத்தினேன். அவள் ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. “வாய்க்குள்ளயே பேசாத” என்றேன். அவள் கத்தினாள். “அப்பாகிட்டயே கத்துறியா?” என்று கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. ஆனால் ஓங்கிய கையை அவள் பார்த்த பார்வை எனக்கு இன்னும் உறுத்துகிறது.

என் மனைவி பென்னலூர் பக்கம் போன் அசெம்பிள் பண்ணுகிற கம்பெனியில் லைனில் நிற்கிறாள். அவளுடைய ஷிப்ட் முடிந்து வருகிற நேரமும் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வருகிற நேரமும் ஒன்று. அந்த நேரம் நான் வேலையில் இருப்பேன். என்னைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். பொங்கல் லீவு முடிந்த மறுநாள், பழைய போன் ஒன்றில் ரெக்கார்டிங்கைப் போட்டு, ஃபிரிட்ஜ் மேல் இருந்த மருந்து டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டுக் கம்பெனி பஸ் ஏறினேன்.

அடுத்த நாள் சாப்பாட்டு நேரத்தில் பைக் ஸ்டாண்டுக்குப் போய் இயர்போனை மாட்டி அதைக் கேட்டேன். கொஞ்ச நேரம் வெறும் முணுமுணுப்பு. வீட்டில் யாரும் இல்லாதபோதுகூட இந்தத் திருடர்கள் மெதுவாகத்தான் பேசுகிறார்கள் என்று பல்லைக் கடித்தேன். அப்போது திரையைப் பார்த்தேன். அந்த ஆப்பில் சத்தத்துக்கு ஏற்ற மாதிரி கோடுகள் எழும்பும். சத்தம் அதிகமானால் கோடு உயரம். மிக்ஸி ஓடிய இடத்தில் கோடு உச்சிக்குப் போயிருந்தது. அவர்கள் பேசிய இடத்தில் அதற்குக் கொஞ்சம்தான் கம்மி. ஆப்பில்தான் கோளாறு என்று நினைத்தேன். சாவிக்கொத்தை போன் பக்கத்தில் ஆட்டி, கையைத் தட்டி, கிசுகிசுத்துப் பேசி, ஒவ்வொன்றாக ரெக்கார்ட் செய்து பார்த்தேன். கிசுகிசுத்தால் கோடு தரையோடு கிடந்தது. கருவி சரியாக இருந்தது.

வால்யூமை முழுக்க ஏற்றி, ஓரளவு கேட்கிற வலது காதில் மட்டும் இயர்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். ஐந்தாறு தடவைக்கு அப்புறம் மகளின் குரல் வார்த்தையாக வந்தது.

“கத்திப் பேசினா மரியாத இல்லங்குறாரு. மெதுவாப் பேசினா ரகசியங்குறாரு. நான் எப்டிம்மா பேசறது அவர்கிட்ட?”

“உங்கப்பாவுக்குக் காது போயிகினு கீதுடி. நாம சொன்னா சண்டதான் வரும். கொஞ்சம் பொறுத்துக்கோ.”

“என் டியூஷன் பொறுத்துக்குமா?”

குக்கர் விசில் வந்தது, கோடு உயர்ந்து இறங்கியது.

இந்த இடத்தில் நான் அழுதேன், வீட்டுக்கு ஓடினேன், மகளைக் கட்டிக்கொண்டேன் என்று எழுத முடிந்தால் நன்றாகத்தான் இருக்கும். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? போனை ஃபிரிட்ஜ் மேல் வைத்ததை இவர்கள் பார்த்துவிட்டார்கள், எனக்காகவே பேசி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அன்று முழுக்க அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் வீட்டுக்குப் போய் மருந்து டப்பா நகர்ந்திருக்கிறதா என்று பார்த்தேன். நகரவே இல்லை, அதன் மேல் தூசிகூடக் கலையவில்லை. அதன் பிறகும் ஒருவரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பிப்ரவரியில் வேன் வந்தது. அந்தச் சின்ன அறைக்குள் உட்கார்ந்ததும் இந்தத் தடவை பார்க்கக் கூடாது என்று முடிவு செய்து தலையைக் குனிந்துகொண்டேன். அமைதியாக இருந்தது. நல்ல அமைதி. இன்னும் ஆரம்பிக்கவில்லை போலிருக்கிறது என்று காத்திருந்தேன். யாரோ கண்ணாடியைத் தட்டுவதைப் பார்த்துத் தலையைத் தூக்கினேன். டெக்னீஷியன் கதவைத் திறந்து, என் ஹெட்போனை ஒரு பக்கம் விலக்கினார்.

“அண்ணா, தூங்கிட்டீங்களா? பாதி முடிஞ்சிடுச்சு, ஒரு தடவகூட அமுக்கல.”

வெளியே என் லைன் ஆட்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். “ஆமா தம்பி, நைட்டு சரியா தூக்கம் இல்ல, திருப்பிப் போடுங்க” என்றேன். அவர் முதலிலிருந்து ஆரம்பித்தார். நான் நிமிர்ந்து உட்கார்ந்து முழங்கையைப் பார்த்தேன். ஒன்றுகூடத் தவறவிடவில்லை. நான்காவது வருஷமும் இரண்டு காதும் நார்மல்.

அன்று சாயங்காலம் மனைவியிடம், “அவள டியூஷனுக்குப் போகச் சொல்லு” என்றேன். காரணம் சொல்லவில்லை. மகள் அடுத்த அறையிலிருந்து வந்து என் முன்னால் நின்று, வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்: “இனிமே வேணாம். அங்க பாடம்லாம் முடிஞ்சிடுச்சு.” திமிர் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன்.

பிசிக்ஸ் பரீட்சை அன்று லீவு போட்டுவிட்டு அவளைக் கூட்டிவரப் போனேன். பைக்கின் பின்னால் உட்கார்ந்தவள் ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதிலிருந்து பேசிக்கொண்டே வந்தாள். என் முதுகில் அவள் பேச்சின் அதிர்வு தெரிந்தது. பக்கத்தில் கன்டெய்னர் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. நான் ‘ம்’, ‘ம்’ என்று சொல்லிக்கொண்டு வந்தேன். மாதக்கணக்கில் பேசாத பெண் இவ்வளவு பேசுகிறாளே என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. வீட்டு வாசலில் இறங்கியதும் அவள் முகத்தைப் பார்த்தேன். அழுது வீங்கியிருந்தது. ஏதோ கேட்டுவிட்டு என் பதிலுக்காக நின்றாள். நான் மறுபடியும் ‘ம்’ என்றேன். அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் என்ன கேட்டாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாளே காது டாக்டரிடம் போனேன். அவர் என்னைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்துத்தான் டெஸ்ட் எடுத்தார். முழங்கை இல்லை, ஒன்றுமில்லை, சுண்ணாம்பு அடித்த சுவர். பெரிய சத்தத்தில் வருஷக்கணக்காக நிற்கிறவர்களுக்குக் காதுக்குள் இருக்கும் நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும், வலிக்கவே வலிக்காது என்றார். செத்தது திரும்பி வராது என்றும் சொன்னார். முதலில் மெல்லிய கூர்மையான சத்தங்கள் போகும். அதனால் பேசுவது கேட்கும், பேசியது புரியாது.

“வூட்ல எல்லாரும் குசுகுசுன்னு பேசற மாதிரி இருக்குமே உங்களுக்கு?” என்றார்.

என் மனைவி முன்னாலேயே போன் போட்டு இவரிடம் சொல்லி வைத்திருக்கிறாள் என்று பட்டது. கேட்டேவிட்டேன். அவர் சிரித்தார். “இங்க வர்றவங்கள்ல பாதிப் பேரு சம்சாரம் மேல சந்தேகம்னுதான் சொல்லுவாங்க. காது விட்ட எடத்த மனசு நிரப்பிக்கும். நல்லதாவா நிரப்பும்?” என்றார்.

காது மிஷின் வாங்கி மாட்டினேன். ஃபேன் இவ்வளவு சத்தம் போடும் என்பதையே மறந்திருந்தேன். மனைவி, “அடுத்த தெருவுக்கே கேக்குற மாதிரி கத்திக் கத்தி என் தொண்ட போச்சு, இப்பவாச்சும் வாங்கினியே” என்றாள். வீட்டில்தான் மாட்டுகிறேன். கம்பெனி பஸ் வருவதற்கு முன்னால் கழற்றிப் பையில் போட்டுக்கொள்கிறேன். இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் லைனில் நான்தான் முதலில் மாட்டிக்கொண்டு போனேன் என்றால் அடுத்த வேனில் எல்லோரையும் சுவரைப் பார்த்து உட்கார வைப்பார்கள், அப்புறம் என் முகத்தில் ஒருவனும் விழிக்கமாட்டான். அதுதான் காரணமா, இல்லை பேக்கிங் பயமா என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன். என் பதிலை நானே நம்புவதில்லை.

ரிசல்ட் வந்தது. மற்ற பாடமெல்லாம் நல்ல மார்க். பிசிக்ஸ் கவிழ்த்துவிட்டது. நர்சிங் லிஸ்ட் வந்த அன்று அரசுக் கல்லூரி எதிலும் அவளுக்கு இடமில்லை. கம்ப்யூட்டர் ஏதோ ஒன்றில் சேர்ந்துகொள்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அன்று சாயங்காலம் நான் காபி குடித்துக்கொண்டிருந்தபோது என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“அது காதுல கீதாப்பா?”

“கீது.”

“நான் ஒன்னு கேக்கணும்.”

அவள் கத்தவும் இல்லை, குரலைத் தாழ்த்தவும் இல்லை. எல்லா வீட்டிலும் மகள் அப்பாவிடம் பேசுகிற குரலில் பேசினாள். அந்தக் குரலைக் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று அப்போதுதான் தோன்றியது. பெரிய பெண்ணின் குரலாக மாறியிருந்தது.

“நீ வேணும்னு ஒன்னும் பண்ணல, டாக்டர் சொன்னப்புறம்தான் அப்பாவுக்கே தெரியும்னு அம்மா சொல்லுது. பரவால்லன்னு வுட்ரலாம்னுதான் பாக்குறேன். ஆனா எனக்கு ஒரு சந்தேகம்.” என் காபி டம்ளரை ஒரு பக்கம் நகர்த்தினாள். “உனக்குக் காது கேக்கலன்னு உனக்கு எப்ப தெரியும்?”

டாக்டர் சொன்னபோதுதான் என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. மனைவியே எனக்காக அந்தப் பொய்யை உண்மை என்று நம்பிச் சொல்லி வைத்திருக்கிறாள். அந்தப் பழைய போனில் இருந்த ரெக்கார்டிங்கை எப்போதோ அழித்துவிட்டேன். மகள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதையும் அளக்காமல் நம்பாத என் பார்வை அவளுக்கு வந்திருந்தது. அதை அவளுக்குக் கொடுத்தது நான்தான்.

“பொங்கல் லீவு முடிஞ்சி ரெண்டாம் நாளு” என்றேன்.

அவள் விரலை மடக்கி ஏதோ எண்ணினாள். பிறகு கையைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“அப்ப பரீச்சைக்கு இன்னும் ஒன்ற மாசம் இருந்துச்சு” என்றாள்.

“இருந்துச்சு” என்றேன்.